கடல்நீர்த் தொட்டியில் கோமாளி மீன்

(கடலோர மாவட்ட உழவர் பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெல்லையும் மிளகாயையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் இவர் அலங்கார மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. சென்ற பயிற்சி நாளில் நீங்கள் எழுதிக் கொடுத்த கேள்விச் சீட்டுகளில் ஏழு சீட்டுகள் இதைப் பற்றியே இருந்தன. ஒருவர், "என் மகள் கோமாளி மீன் கேட்கிறாள், வீட்டில் வளர்க்க முடியுமா?" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "வளர்த்துக் கொடுத்தால் வாங்கிக் கொள்வதாக ஒரு வியாபாரி சொல்கிறார், கடன் வாங்கித் தொடங்கலாமா?" என்று கேட்டிருந்தார். இரண்டு கேள்விகளுக்கும் இன்று பதில் சொல்கிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக் கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தேன். 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்ற படத்தைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டாள். கடையில் கண்ணாடித் தொட்டி, உப்புக் கலவை, நான்கு மீன்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வந்து, மூன்றாம் நாள் மீன்களை விட்டேன். ஒன்பதாம் நாள் நான்கும் இறந்து மிதந்தன. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. மீன்களின் உடலில் புண் இல்லை, புள்ளி இல்லை. விவசாயக் கல்வி படித்த நான் செய்த தவறு என்னவென்று கண்டறிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. நிலத்தைத் தயார் செய்யாமல் நாற்றை நட்டிருக்கிறேன். அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்கவே இந்தப் பேச்சு.

மீனைப் பற்றிச் சில செய்திகள்

கோமாளி மீன் இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக் கடலிலும் பவளப் பாறைகள் உள்ள இடங்களில் வாழ்வது. சுமார் 30 இனங்கள் உண்டு. படத்தில் பார்த்த, ஆரஞ்சு நிறத்தில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட மீனுக்கு ஆம்பிபிரியான் ஒசெல்லாரிஸ் என்று பெயர். இது நம் நாட்டில் அந்தமான் கடலில் இருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பகுதியிலும் இருப்பது ஆம்பிபிரியான் செபே என்னும் கருமையும் மஞ்சளும் கலந்த இனம். தொட்டி வளர்ப்புக்கு இரண்டுமே ஏற்றவை. ஆனால் செபே இனம் சற்றுப் பெரிதாக வளரும். அதற்கு இடமும் கூடுதலாக வேண்டும்.

கடலில் இந்த மீன் கடல் சாமந்தியின் கைகளுக்கிடையே குடியிருக்கும். கடல் சாமந்தி ஒரு பூவைப்போல் தோன்றினாலும் அது ஒரு விலங்கு. அதன் கைகள் மற்ற மீன்களைக் கொட்டிக் கொல்லும். கோமாளி மீனின் உடலைச் சுற்றியுள்ள வழவழப்பான படலம் அதைக் கொட்டாமல் காக்கிறது. மீனுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. பதிலுக்கு மீன் எதிரிகளை விரட்டுகிறது. அதன் கழிவு சாமந்திக்கு உரமாகிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. குஞ்சுப் பருவத்தில் எந்த மீனும் பெண் அல்ல. ஒரு கூட்டத்தில் மிகப் பெரிய மீன் பெண்ணாக மாறும். அதற்கு அடுத்தது அதன் துணையான ஆண். பெண் இறந்துவிட்டால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். ஆகவே கடையில் "ஆண் ஒன்று, பெண் ஒன்று கொடுங்கள்" என்று கேட்க வேண்டியதில்லை. அளவில் சிறிது வேறுபட்ட இரண்டு இளம் மீன்களை வாங்கினால் போதும். பெரியது பெண்ணாகும். மூன்று, நான்கு என்று வாங்கினால் இணை சேர்ந்த இரண்டும் மற்றவற்றைக் கடித்துத் துரத்தும்.

கல் உப்பில் கடல்நீர் செய்ய முடியாது

இனி நீரைப் பற்றிப் பார்ப்போம். "சார், தூத்துக்குடி உப்பைக் கரைத்தால் கடல்நீர்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். அல்ல. உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும்.

கடல்நீரில் கரைந்துள்ள உப்புகளில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் உப்பு. மீதி மக்னீசியம், சுண்ணாம்புச் சத்து, பொட்டாசியம் முதலியவற்றின் உப்புகள். உப்பளத்தில் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. நிலக்கடலைக்கும் களர் நிலத்துக்கும் இடுகிறோமே, அதே ஜிப்சம்தான். பிறகு உப்பு படிகிறது. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றி விடுகிறார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் அந்த நீரோடு போய்விடுகின்றன. அந்த உப்பை மீண்டும் கரைத்தால் உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும், கடல்நீர் கிடைக்காது. அதில் கடல் மீன் நெடுநாள் வாழாது.

ஆகவே மீன் தொட்டிகளுக்கென்று தயாரித்து விற்கப்படும் கடல்நீர் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். அளவு, லிட்டருக்குச் சுமார் 35 கிராம். மழைநீரோ சவ்வு முறையில் சுத்திகரித்த நீரோ நல்லது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இரும்பும் கடினத்தன்மையும் மிகுந்திருக்கும். நாம் வயலுக்கு இடும் உரத்தின் நைட்ரேட்டும் இறங்கியிருக்கும். குளோரின் கலந்த குழாய் நீரானால் ஒரு நாள் முழுவதும் காற்றுக் குமிழி விட்டு வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். உப்பைத் தனி வாளியில் கரைத்து, மறுநாள்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் உப்பைக் கொட்டிக் கரைக்கக் கூடாது.

கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள் கடல்நீரையே எடுக்கலாம். ஆற்று முகத்துவாரம், துறைமுகம், சாக்கடை கலக்கும் இடம் ஆகியவற்றை விட்டு விலகி, தெளிந்த நீரை எடுக்க வேண்டும். துணியில் வடிகட்டி, மூடி, சில நாட்கள் இருட்டில் வைத்துத் தெளியவிட்டுப் பயன்படுத்த வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பு குறைந்துவிடும். அப்போது அளந்து பார்க்காமல் எடுப்பது தவறு.

அளப்பதற்கு ஹைட்ரோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் பாலில் மிதக்க விடுகிறார்களே, அந்தப் பால்மானியின் தம்பி இது. கடல்நீருக்கு 1.023 முதல் 1.026 வரை காட்ட வேண்டும். கார அமிலத் தன்மை, அதாவது பி.எச்., 8.0 முதல் 8.4 வரை இருக்க வேண்டும்.

தொட்டி அமைத்தல்

ஓர் இணை மீனுக்கு 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள தொட்டி போதுமானது. 35 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் சுமார் 84 லிட்டர் நீர் பிடிக்கும். இதற்கு உப்புக் கலவை ஏறத்தாழ 3 கிலோ தேவை. சிறிய தொட்டி சிக்கனம் என்று எண்ண வேண்டாம். நீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் விரைவாக மாறும். தவறைத் திருத்த நேரம் கிடைக்காது. பூச்சட்டியில் வைத்த செடி ஒரு நாள் தண்ணீர் இல்லையென்றால் வாடிவிடுகிறது, தோட்டத்துச் செடி தாங்குகிறது, அதுபோல.

நீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். ஆட்டம் இல்லாத உறுதியான மேடை வேண்டும். வெயில் நேரே படாத, காற்றோட்டமுள்ள இடமாக இருக்க வேண்டும். இரும்பு, செம்பு, பித்தளைப் பொருள்கள் எதுவும் நீரில் படக் கூடாது. அடியில் நன்றாகக் கழுவிய கிளிஞ்சல் மணலைப் பரப்பலாம். ஒளிந்து கொள்ள உடைந்த மண்பானை, ஓட்டுத் துண்டு போதும். காற்றுப் பம்பு ஒன்றும், பஞ்சும் பீங்கான் வளையங்களும் கொண்ட வடிகட்டி ஒன்றும் இன்றியமையாதவை. வடிகட்டிதான் தொட்டியின் உயிர்நிலை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

ஆறு வாரம் காத்திருங்கள்

புஞ்சை நிலத்தில் யூரியா இடுகிறோம். பயிர் அதை அப்படியே எடுத்துக் கொள்கிறதா? இல்லை. மண்ணில் அது முதலில் அம்மோனியாவாகிறது. பிறகு ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதை நீங்கள் பயிற்சிகளில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள்.

மீன் தொட்டியில் நடப்பதும் இதுவே. மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட தீவனம் அழுகினாலும் அம்மோனியாதான். கடலில் அது பரந்த நீரில் கரைந்து போகும். 84 லிட்டரில் எங்கே போகும்? அதிலும் கடல்நீரின் காரத் தன்மையில் அம்மோனியாவின் நச்சு நன்னீரில் இருப்பதைவிடக் கடுமையாக இருக்கும். அதற்கு நிறம் இல்லை. மீனைக் கொல்லும் அளவில் நமக்கு வாசனையும் தெரியாது. என் தொட்டியில் தெளிந்த நீரில் மீன்கள் இறந்தது இதனால்தான்.

அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணலிலும் குடியேறிப் பெருக வேண்டும். இவை மெதுவாகப் பெருகுபவை. நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இந்தக் காலத்தில் தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. ஆனால் நுண்ணுயிர்களுக்கு உணவு வேண்டும். தோலுரித்த இறால் துண்டு ஒன்றைச் சிறு துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டால் அது அழுகி அம்மோனியா தரும். ஏற்கெனவே நன்றாக நடக்கும் கடல்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கிடைத்தால் அதைச் சேர்க்கலாம். தயிருக்கு உறை ஊற்றுவது போல வேலை விரைவாகும்.

சோதிப்பதற்குக் கடைகளில் சொட்டு மருந்துப் பெட்டிகள் கிடைக்கின்றன. நீரின் நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும். கடைசியில் இரண்டும் பூச்சியமாகி நைட்ரேட் மட்டும் காட்டும். ஒரு வாரம் விடாமல் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருந்தால் இறால் துண்டை எடுத்துவிட்டு, கால் பங்கு நீரை மாற்றி, அதன்பின் மீனை விடலாம். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் குழந்தை அழுதாலும் இந்தக் காத்திருப்பைக் குறைக்க வேண்டாம்.

மீனைத் தேர்ந்தெடுத்தல்

கடலில் பிடித்த மீனைவிடப் பொரிப்பகத்தில் பிறந்த மீனே நல்லது. கடலில் பிடித்தது வலையிலும் பயணத்திலும் துன்புற்று நோயோடு வரும். தீவனத்தையும் எளிதில் ஏற்காது. பொரிப்பக மீன் பிறந்தது முதல் தொட்டி நீருக்கும் நாம் தரும் தீவனத்துக்கும் பழகியது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைப் பொரிக்கச் செய்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியுள்ளது. அதன் மையம் ஒன்று மண்டபத்திலேயே இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இத்துறையில் உழைத்திருக்கிறது. ஆகவே கடலைச் சுரண்டித்தான் இந்த மீன் கிடைக்கும் என்ற நிலை இல்லை.

வாங்கும்போது கண் எதிரில் தீவனம் போடச் சொல்லிப் பாருங்கள். ஓடி வந்து தின்னும் மீனை வாங்குங்கள். ஒதுங்கி நிற்பது, வேகமாக மூச்சு வாங்குவது, துடுப்பு கிழிந்தது, தோலில் வெண்படலம் உள்ளது ஆகியவற்றைத் தள்ளிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட வேண்டும். பிறகு ஒரு மணி நேரத்தில் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பையில் சேர்த்து வர வேண்டும். கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வசதியுள்ளவர்கள் முதல் மூன்று, நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சேர்ப்பது நலம். புதிதாக வாங்கிய ஆட்டை மந்தையில் உடனே சேர்ப்பதில்லை அல்லவா?

அன்றாடக் கவனிப்பு

தீவனம் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை போதும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போட வேண்டும். கடல் மீனுக்கான உருண்டைத் தீவனத்தோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் இறால் அல்லது மட்டிச் சதையைப் பொடியாக நறுக்கித் தரலாம். மீன் நம்மைக் கண்டதும் மேலே வரும். பசி என்று எண்ணி வீட்டில் ஆளுக்கொரு கை போட்டால் நீர் கெட்டுவிடும். தீவனம் போடுவது வீட்டில் ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு நீரை ஊற்றக் கூடாது. நீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்குகிறது. வடிகால் இல்லாத நிலத்தில் உப்பு மேலே பூப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அதே கதைதான். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல நீரை மட்டும் ஊற்ற வேண்டும். நீர் மட்டத்தைக் கண்ணாடியில் கோடிட்டு வைத்துக் கொண்டால் எளிது.

வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதிய கடல்நீர் சேர்க்க வேண்டும். நம் தொட்டிக்கு இது 8 லிட்டர். உப்புக் கலவை 280 கிராம். இதனால் சேர்ந்துள்ள நைட்ரேட் குறையும். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த அந்த நீரிலேயே அலச வேண்டும். குழாய் நீரில் கழுவினால் ஆறு வாரம் காத்து வளர்த்த நுண்ணுயிர்கள் அழிந்துவிடும்.

மூன்று ஆபத்துகள்

முதலாவது வெயில். நீரின் வெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டும். வெப்பம் ஏற ஏற நீரில் பிராணவாயு குறையும். மூடியைத் திறந்து வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மண்பானையில் நீர் குளிர்வது போலத்தான். அப்போது ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஆவியாகும். அதை ஈடு செய்ய மறக்கக் கூடாது.

இரண்டாவது மின்வெட்டு. காற்று நின்றால் மீன் மட்டுமல்ல, வடிகட்டியில் உள்ள நுண்ணுயிர்களும் மூச்சுத் திணறும். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றைக் கட்டாயம் வாங்கி வைத்திருக்க வேண்டும். அது இல்லாத நேரத்தில் குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் கொண்டே இருக்கலாம்.

மூன்றாவது நம் விவசாயிகளுக்கே உரிய ஆபத்து. மருந்து தெளித்துவிட்டு வந்த கையைத் தொட்டியில் விடக் கூடாது. மருந்து கலக்கிய வாளியை எத்தனை முறை கழுவினாலும் தொட்டி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். கொசுவர்த்தியிலும் கொசு மருந்துத் தெளிப்பிலும் இருப்பது அந்த வகை மருந்துதான். காற்றுப் பம்பு அறையின் காற்றை உறிஞ்சி நீருக்குள் அனுப்புகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். தொட்டி உள்ள அறையில் கொசுவலை கட்டுங்கள், கொசுவர்த்தி வேண்டாம்.

நோய்கள்

தோலில் உப்புத் தூவியது போல் வெண்புள்ளி தோன்றுவதும், வெண்மையான கோழை போன்ற படலம் உரிந்து வருவதும் கோமாளி மீனில் அடிக்கடி காணும் நோய்கள். இரண்டும் நுண்ணிய ஒட்டுண்ணிகளால் வருபவை. நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மீன்வளத் துறையினரிடமோ கடல்மீன் ஆராய்ச்சி மையத்திலோ ஆலோசனை கேளுங்கள். வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து உண்டு என்று கேள்விப்பட்டு, வீட்டிலுள்ள மயில்துத்தத்தை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அளவு சற்றுத் தவறினால் மீன் இறக்கும். பெரிய தொட்டியில் போட்டால் தாமிரம் மணலில் படிந்து தங்கிவிடும். நோய் வந்த தொட்டியை ஆறு வாரத்துக்குக் குறையாமல் மீன் இல்லாமல் வைத்திருந்தால் வெண்புள்ளி ஒட்டுண்ணி தங்க உடல் இன்றிப் பெரும்பாலும் மடிந்துவிடும்.

கடல் சாமந்தி வேண்டுமா?

வேண்டாம். பொரிப்பகத்தில் பிறந்த மீன் சாமந்தி இல்லாமலே நன்றாக வாழும். உடைந்த பானையைத் தன் வீடாக்கிக் கொள்ளும். சாமந்திக்கு வலுவான ஒளியும் மிகத் தூய நீரும் வேண்டும். அது இறந்தால் ஒரே இரவில் தொட்டி நீர் முழுவதும் கெட்டுவிடும். அதைக் கடலிலிருந்து பெயர்த்தெடுத்தால் அங்கே குடியிருந்த மீன்களுக்கு வீடு போகிறது.

பவளத்தைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பவளம் பாதுகாக்கப்பட்ட உயிரினம். எடுப்பதும் விற்பதும் குற்றம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பகுதியும் 1986ஆம் ஆண்டு கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அழகுக்காக அங்கிருந்து ஒரு கல்லையும் எடுத்து வராதீர்கள்.

கடன் வாங்கித் தொடங்கலாமா?

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

இணை சேர்ந்த மீன்கள் நல்ல பராமரிப்பில் மாதம் இருமுறை கூட முட்டையிடும். ஓட்டின் மேலோ பானையின் மேலோ சில நூறு முட்டைகள் ஒட்டியிருக்கும். ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில், இருட்டிய பின் குஞ்சுகள் வெளிவரும். இதைக் கேட்டதும் கோழி அடை வைப்பது போல எளிது என்று தோன்றும். ஆனால் குஞ்சு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய உயிர்களை மட்டுமே முதலில் தின்னும். ரோட்டிஃபர் என்ற அந்த உயிரை நாம் வளர்க்க வேண்டும். அதற்கு உணவான நுண்பாசியையும் வளர்க்க வேண்டும். சில நாட்களுக்குப் பின் ஆர்டிமியா குஞ்சுகள் தர வேண்டும். ஒரு நாள் பாசி கெட்டால் அத்தனை குஞ்சும் போகும். இது கற்றுக் கொள்ளக் கூடிய தொழில்தான். ஆனால் பயிற்சி இல்லாமல் தொடங்கக் கூடியது அல்ல. இதைவிட எளிதானது, பொரிப்பகத்தில் இளங்குஞ்சுகளை வாங்கி விற்பனை அளவுக்கு வளர்த்துக் கொடுப்பது. அதற்கும் நான் இதுவரை சொன்ன நீர்ப் பராமரிப்பு முழுவதும் கை வந்திருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு மாசி மாதம் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உள்ளவர். "சார், அம்மாவின் நகையை அடகு வைத்து இருபது தொட்டி வாங்கப் போகிறேன். வியாபாரி மீன் தருகிறேன் என்கிறார், திரும்ப வாங்கிக் கொள்கிறேன் என்றும் சொல்கிறார்" என்றார். "தம்பி, வாங்கிக் கொள்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறாரா?" என்று கேட்டேன். இல்லை. "எந்த அளவு மீனை, என்ன விலைக்கு?" தெரியாது. "இறந்துபோன மீனின் நட்டம் யாருக்கு?" பேசவில்லை. "முதலில் ஒரு தொட்டி வையுங்கள். இரண்டு மீனை ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் உயிரோடு காப்பாற்றிக் காட்டுங்கள். பிறகு பேசுவோம்" என்று சொல்லி அனுப்பினேன். முகம் வாடித்தான் போனார்.

சித்திரையில் வெப்பம் மிகுந்த ஓர் இரவில் நெடுநேரம் மின்சாரம் இல்லை. அவருடைய இரண்டு மீன்களும் இறந்துவிட்டன. மறுவாரம் வந்து சொன்னார். "இருபது தொட்டியும் வாங்கியிருந்தால், சார்..." என்று தொடங்கி நிறுத்திக் கொண்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மின்கலப் பம்பு ஒன்று வாங்கினார். மீண்டும் இரண்டு மீன்கள் விட்டார். அவை இந்தக் கோடையைத் தாண்டிவிட்டன. நகை வீட்டில்தான் இருக்கிறது. இப்போது அவர் இளங்குஞ்சு வளர்ப்புப் பயிற்சிக்குப் போக விரும்புகிறார். அவருக்கு இன்று நான் தயங்காமல் பரிந்துரைக் கடிதம் கொடுப்பேன்.

ஆகவே என் யோசனை இது. வீட்டுக் குழந்தைகளுக்காக ஒரு தொட்டி வைக்க விரும்புவோர் தாராளமாக வையுங்கள். ஆறு வாரம் காத்திருங்கள். வருமானத்துக்காகத் தொடங்க விரும்புவோர் கடலோரத்தில் இருந்தால், முதலில் ஒரு தொட்டியில் ஓராண்டு பழகுங்கள். பிறகு முறையான பயிற்சி பெறுங்கள். வாங்குபவரிடம் அளவு, விலை, இழப்பு மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். அதன்பின் கடனைப் பற்றி யோசிக்கலாம். கடலிலிருந்து தொலைவில் உள்ள உழவர்கள் இதைத் தொழிலாக எண்ண வேண்டாம். உப்புக் கலவைச் செலவே வருமானத்தை விழுங்கிவிடும். அவர்களுக்கு நன்னீர் அலங்கார மீன் வளர்ப்பு ஏற்றது.

இறுதியாக ஒன்று. நன்றாகக் கவனித்தால் கோமாளி மீன் தொட்டியில் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது மகளுக்கு வாங்கித் தந்த மீன், அவள் கல்லூரிக்குப் போகும்போதும் இருக்கக் கூடும். என் வீட்டில் முதல் நான்கு மீன்கள் ஒன்பது நாளில் போயின. அதன்பின் ஆறு வாரம் காத்திருந்து விட்ட இரண்டு மீன்களில் பெண் மீன் இன்னும் இருக்கிறது. அது முதலில் ஆணாக இருந்தது என்று நான் சொன்னால் வீட்டுக்கு வரும் விருந்தினர் நம்புவதில்லை.

உங்கள் சந்தேகங்களை இப்போது கேட்கலாம்.